எங்கள் பெயரை விற்றுவிட்ட டாட்காம் அண்ணன்

டாட்காம் அண்ணன் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். லாண்டரிக்காரர், "மாடியில உக்காந்து கம்ப்யூட்டரைப் பார்த்துத் தனியா சிரிப்பாரு" என்பார். மருந்துக்கடைக்காரர், "காத்தை வித்துக் காசாக்குறாரு" என்பார். ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடைகளும் கம்பெனிகளும் இணையத்தில் வைத்துக்கொள்ளும் பெயர்களை முன்கூட்டியே வாங்கிப் போட்டுவிட்டு, தேவைப்பட்டவன் வந்து நிற்கும்போது விற்கிறவர் அவர். காலி மனை வாங்கிப் போடுவது மாதிரிதான். மனைக்காவது வேலி போட வேண்டும், இதற்கு அந்தச் செலவும் கிடையாது.

அவர் என் வீட்டுக்காரரின் நண்பர். இருபது வருடப் பழக்கம். அவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லவிதமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

லாண்டரிக்கு மேலே ஒற்றை அறை அவருக்கு, வீடும் ஆபீசும் அதுதான். ஒரு மேஜை, இரண்டு திரைகள், உட்கார ஒரு நாற்காலி. வந்தவர்கள் நின்றுகொண்டே பேச வேண்டியதுதான், ஏனென்றால் அவருடைய தொழிலில் யாரும் நேரில் வருவதில்லை. சுவர் முழுக்க ஒட்டுச்சீட்டுகள். எந்தப் பெயர் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று குறித்து வைத்திருப்பார். கீழேயிருந்து வரும் நீராவியில் சீட்டெல்லாம் சுருண்டு தொங்கும். செய்தித்தாளை எடுத்தால் செய்தி படிக்க மாட்டார், வார்த்தை பொறுக்குவார். நாம் பேச்சுவாக்கில் இரண்டு வார்த்தையைச் சேர்த்து அழகாக எதையாவது சொல்லிவிட்டால் போதும், மனுஷன் எழுந்து வாசல் பக்கம் போய், அந்தப் பெயர் காலியாக இருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டு வருவார். என் நாத்தனார் ஒருநாள் அழுதுகொண்டே தன் புருஷனைத் திட்டிய ஒரு திட்டை மறுநாளே வாங்கிப் போட்டுவிட்டார். அதை விற்றும்விட்டார்.

இப்படியே இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்கள் சேர்ந்துவிட்டன. வளர்க்கிற பூனைக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை. அதைக் கூப்பிட "ஏய்" போதுமாம்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒருமுறை கடன் கேட்டு வங்கிக்குப் போனார். சரக்கு எங்கே இருக்கிறது, வந்து பார்க்கலாமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அண்ணன் போனைத் திறந்து பட்டியலைக் காட்டினார். அதிகாரி இரண்டு பக்கம் பொறுமையாகப் படித்துவிட்டு, "கவிதையா சார்?" என்றாராம். கடன் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் என் வீட்டுக்காரர் அவருக்கு இடம் கொடுத்தார். எங்களுடையது மெத்தைக் கடை. முதுகு வலிக்காரர்கள், ஆறரை அடி உயரக்காரர்கள், கோணல் கட்டில் வைத்திருப்பவர்கள் என்று கடையில் கிடைக்கிற அளவுக்கு அடங்காதவர்களுக்கு அளவெடுத்துச் செய்து தருவோம். அளவும் தையலும் என் வேலை, உள்ளே திணிப்பது அவர் வேலை. கடையின் பின்பக்கம் அடுக்கி வைத்த மெத்தைகள் மேல் ஏறி உட்கார்ந்து, கூரையில் தலை இடிக்க, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அண்ணன் தன் முதல் பெயரை விற்றார். விற்ற சந்தோஷத்தில் மேலேயிருந்து உருண்டு விழுந்தார். மெத்தைக் கடை என்பதால் பிழைத்தார்.

அந்த நன்றியில்தான் ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் கடைக்கும் இணையத்தில் ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தார். "உங்களுக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காதுடா. என் கணக்குலயே கிடக்கட்டும், வருஷா வருஷம் நானே புதுப்பிச்சுடுறேன்" என்றார். என் வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய்விட்டார். அவருக்கு நெகிழ்வதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது. அந்தப் பெயர் என்ன என்று இங்கே எழுதமாட்டேன். நான் பட்டது போதும்.

இன்றைக்கு எங்களுக்கு வரும் ஆர்டரில் முக்கால்வாசி அந்தப் பெயர் வழியாகத்தான் வருகிறது. அது கைமாறிப் போனால் கடையில் பாதி ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

தினமும் மதியம் அண்ணன் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். சாப்பிடும்போது தொழில் ரகசியம் எல்லாம் தானாக வாயிலிருந்து கொட்டும். "எதுக்காக வேணும்னு மட்டும் சொல்லவே கூடாதும்மா. சொன்னா விலை ஏறிடும். கடிதம் வந்தா மூணு நாள் பதில் போடக் கூடாது. பேரு நல்லால்ல, நீளமா இருக்கு, வாயில நுழையலன்னு குறை சொல்லணும். எதிராளி எப்பத் தன் சொந்தக் கதையை எழுத ஆரம்பிக்கிறானோ, அப்பவே அவன் அவுட்." நான் பரிமாறிக்கொண்டே கேட்பேன். கேட்டது எல்லாம் தங்கிப்போகிற ஜாதி நான்.

போன வருடம் தலையணைக்கென்று தனியாக ஒரு இணையதளம் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனிடம் கேட்டால் மறுபடி இலவசமாக வாங்கிக் கொடுப்பார், என் வீட்டுக்காரர் மறுபடி நெகிழ்வார், வேலை கெடும். அதனால் அண்ணன் எப்போதும் சொல்லும் அந்தப் பெயர்ச் சந்தைத் தளத்தில் நானே தேடினேன். மெத்தை, தலையணை என்று தட்டியதும் விற்பனைக்கு இருக்கும் பெயர்கள் வரிசையாக வந்தன.

முதல் வரியில் எங்கள் பெயர் இருந்தது.

பக்கத்தில் விலை போட்டிருந்தது. ஒரு நல்ல தையல் மெஷின் வாங்குகிற விலை. அதற்குக் கீழே, "உடனே வாங்கு" என்று ஒரு பச்சைப் பொத்தான்.

எழுத்துக்கூட்டி மறுபடி படித்தேன், எங்கள் பெயரேதான். அடுத்த நிமிடம் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேற்று மதியம்கூட இந்த மனுஷன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே! எங்களையே கூறு கட்டி விற்கிறாரா? அவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறு யாராவது அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால்? புது மெஷினுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் போட்டு நானே அழுத்திவிட்டேன். வாங்கியவர் யார் என்று அந்தத் தளம் விற்றவருக்குக் காட்டாது. அவருக்கு நான் வெறும் "வாங்குபவர் 7714". பழைய அமைப்பை அப்படியே விடவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். அதனால் எங்கள் தளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பெயர் மட்டும் என் கணக்குக்கு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால், "கைதவறிப் பண்ணியிருப்பான், விடு" என்பார். விடுகிற ஆள் நான் இல்லை.

மறுநாள் மதியம் அண்ணன் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஆர்டரெல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார். "வருதே. ஏண்ணா?" என்றேன். "சும்மாதான்" என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்தத் தளம் வழியாக 7714-க்குக் கடிதம் வந்தது.

"மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் அண்மையில் வாங்கிய பெயர் குறித்து எழுதுகிறேன். அது அவ்வளவு நல்ல பெயர் அல்ல. கொஞ்சம் நீளம். தாங்கள் மனம் மாறினால், கொடுத்த தொகைக்கு மேலே கொஞ்சம் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்."

ஐயாவாம்! என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ரசித்துப் படித்துவிட்டு மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் அண்ணன் ஒரு கையில் சாப்பாடும் இன்னொரு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, பிசினஸா?"

"ஒரு முசுடும்மா. கல்லு மாதிரி உக்காந்திருக்கான். பதிலே போட மாட்டேங்கிறான்."

"பெரிய கில்லாடியா இருப்பாரு போல" என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

நான்காம் நாள் ஒரே வரியில் பதில் அனுப்பினேன்: "ஏன் வேண்டும்?" அவர் மூன்று நாள் பொறுக்கவில்லை. மூன்று நிமிடத்தில் எழுதினார். மெத்தைகள் மீது அவருக்குச் சிறுவயதிலிருந்தே தனி ஈடுபாடாம். நானும் எழுதினேன், எனக்கும் அதே ஈடுபாடுதான், பெரிய மெத்தைக் கடை ஒன்று திறக்கப் போகிறேன் என்று. அன்று மதியம் அண்ணன் சாப்பிடவே வரவில்லை. சாயங்காலம் இரட்டிப்பு விலை தருவதாகக் கடிதம் வந்தது. நான் பேசாமல் இருந்தேன். மறுநாள் மும்மடங்கு.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கை பரபரத்தது. கொடுத்துவிட்டால் பெயர் அவரிடம் போகும், அவர் எங்களுக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்வார், கடைக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கு மூன்று மெஷின் கிடைக்கும். ஒரு முழு நாள் இந்தக் கணக்கையே மென்றுகொண்டிருந்தேன். கடைசியில் மனசு கேட்கவில்லை. எனக்கு மெஷினைவிட முக்கியமாக ஒன்று தெரிய வேண்டியிருந்தது. எங்களைத் தெரிந்தே விற்றாரா, தெரியாமல் விற்றாரா? "உண்மையான காரணம் சொன்னால் யோசிக்கிறேன்" என்று எழுதினேன்.

அதற்கு வந்தது இரண்டு பக்கக் கடிதம்.

சந்தைத் தளத்தில், "எல்லாப் பெயர்களையும் விற்பனைக்குப் போட்டால் கமிஷன் பாதி" என்று அறிவிப்பு வந்ததாம். இவர் "அனைத்தையும் தேர்ந்தெடு" என்பதை அழுத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே விலையைப் போட்டுவிட்டாராம். அந்த இரண்டாயிரத்துக்கு நடுவில் நண்பனுடைய பெயரும் படுத்திருந்தது இவருக்கு ஞாபகமே இல்லையாம். "அது என் பெயர் இல்லை ஐயா. நம்பி என்னிடம் வைத்திருந்தது. என்னை மனுஷனாக மதித்து முதல் இடம் கொடுத்தவனுடைய பெயர்" என்று எழுதியிருந்தார். சொந்தக் கதையை எழுத ஆரம்பித்துவிட்டார். அவுட்.

படித்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதிதான் இறங்கவில்லை. முன்பின் தெரியாத 7714-க்கு இரண்டு பக்கம் எழுதுகிறவர், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற நண்பனிடம் ஒரு வரி சொல்லக் கூடாதா? என் விலையைச் சொன்னேன்: "பணம் வேண்டாம். நடந்ததை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அவரே எனக்கு எழுதட்டும். பெயரைச் சும்மா தருகிறேன்."

"ஐயா, நாலு மடங்கு தருகிறேன், இதை மட்டும் கேட்காதீர்கள்" என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்டேன். "அவன் உடனே மன்னித்துவிடுவான். அதுதான் எனக்குப் பயம். அவன் மனைவி இருக்கிறார், அவர் சட்டம் படிக்காத வக்கீல். அவரிடம் மாட்டினால் ஏழு ஜென்மத்துக்கு வாய்தா. தவிர, எங்களுக்குள் உண்மை பேசிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அவன் எனக்குப் பரிசாகக் கொடுத்த மெத்தையில் ஒன்பது வருடமாகப் படுக்கிறேன். ஒன்பது வருடமாக முதுகு வலி. அதைக்கூட அவனிடம் சொன்னதில்லை."

வக்கீல் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த மெத்தைக்கு அளவெடுத்தது யார்? தைத்தது யார்? எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்டுக் கேட்டுத் தையல் போட்டேனே! அன்று முழுக்க நான் தைத்ததெல்லாம் கோணலாகப் போனது. "நான் சொன்னது சொன்னதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவகாசம்" என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் கடைக்கு வந்தார். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து பஞ்சு உதறிக்கொண்டிருந்தார், நான் உறை வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சாப்பிடவில்லை, உட்காரவுமில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மீசையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் கேட்டார்.

"எவ்வளவுக்குடா போட்டிருந்த?" என்றார் கடைசியில்.

அண்ணன் தொகையைச் சொன்னார்.

"அவ்வளவுதானா எங்க பேரு?"

"டேய், அது எல்லாத்துக்கும் போட்ட விலைடா..."

"அதான் கேக்குறேன். ரெண்டாயிரத்துல ஒண்ணா நானு? என் தங்கச்சி புருஷனைத் திட்டுனது, ரோட்டுல பொறுக்கினது, அதோட சேர்த்து ஒரே விலையா?"

அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அண்ணன் கண் கலங்கிவிட்டார். "திட்டுடா. நல்லா திட்டு. ஆனா அந்த ஆளுக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துடு, பேரைச் சும்மா தர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

கடையில் கடிதமெல்லாம் தட்டுவது நான்தான். கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கு நானே எழுதிக்கொள்ளும் கடிதம். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்லத் தட்டினேன். "ஐயா, என் நண்பன் நடந்ததைச் சொன்னான். நாங்க சின்னக் கடை, மெத்தை செய்யறோம்..." என்று அவர் இழுக்கும்போது, அண்ணன் பின்னாலிருந்து உதவிக்கு வந்தார்.

"நல்லா எழுதும்மா. இவங்க மெத்தை மாதிரி உலகத்துலயே கிடையாது, நானே ஒன்பது வருஷமா அதுலதான் நிம்மதியா தூங்குறேன்னு போடு."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நிம்மதியாவா? ஒன்பது வருஷமா முதுகு வலின்னு எழுதுன வாயா இது?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. அதை அவர் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதியிருந்தார்.

அண்ணன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மனுஷன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "நீயா? மூணு நாள் பதில் போடாம இருந்தது நீயா? நாலு மடங்குக்கும் மசியாதது நீயாம்மா? அடடா, என் தொழில்ல எனக்கு இப்படி ஒரு ஆள் மாட்டுனதே இல்ல!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் எந்தக் கடிதத்தை எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொள்ள, கொஞ்ச நேரம் ஒரே அமர்க்களம்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

"ரெண்டு வாரமா?" என்றார். "ரெண்டு வாரமா நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்தியே எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க. தினம் மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டிருக்கோம். என்கிட்ட ஒருத்தருமே பேசல."

நான் எழுந்து இடம் விட்டேன். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து காட்டச் சொன்னார். அவர் மெதுவாகப் படிப்பவர். ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் எழுதிய கெட்டிக்கார வரிகள் எல்லாம் அவர் படிக்கும்போது அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தெரியவில்லை. "அவன் உடனே மன்னித்துவிடுவான்" என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இந்தத் தடவை அப்படி இல்லடா. ரெண்டு நாள் ஆகும்" என்றார் அண்ணனிடம்.

"தாராளமா எடுத்துக்கோடா. மூணு நாள்கூட எடுத்துக்கோ" என்றார் அண்ணன். வீட்டுக்குப் போகும்போது அந்த மனுஷன் படியில் துள்ளிக்கொண்டு இறங்கியதை நான் பார்த்தேன்.

சொன்னபடி என் வீட்டுக்காரர் அண்ணனோடு இரண்டு நாள் பேசவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்த எனக்குத் தெரியும். மதியமானால் வாசலையே பார்ப்பார். மூன்றாம் நாள் அவரே லாண்டரி மாடிக்குப் போய், அந்த மெத்தையைத் தோளில் தூக்கி வந்து பிரித்துப் போட்டார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து இங்கே வலிக்கிறது, அங்கே வலிக்கிறது என்று ஒன்பது வருடத்து வலியையும் சொல்லித் தீர்த்தார். எங்கள் பெயரை இப்போது என் வீட்டுக்காரரின் கணக்குக்கே மாற்றிவிட்டோம். பாஸ்வேர்டை அவர் யாரிடமும் சொல்வதில்லை, எங்களிடமும்தான்.

அண்ணனுக்கு இரண்டு நாள் என்று கணக்குச் சொன்னவர், எனக்கு எத்தனை நாள் என்று சொல்லவே இல்லை. என்னோடு முன்போலவே பேசுகிறார், சிரிக்கிறார், தட்டில் எனக்கும் சேர்த்து எடுத்து வைக்கிறார். நானும் கேட்கவில்லை. தைக்கும்போது ஊசி உடைந்தால்கூட இப்போதெல்லாம் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வேறு ஊசி மாட்டுகிறேன்.